நெல் வயலைப் பார்க்காத கணினி நெல்லுக்குத் தீர்ப்பு சொல்லலாமா?



99.35 சதவீதம். இந்த எண்ணைக் கொஞ்சம் ஞாபகத்துல வச்சுக்கோங்க. கூடவே இன்னொரு எண், 31 சதவீதம். இந்த ரெண்டு எண்ணுக்கும் நடுவுலதான் நம்ம விவசாயியோட இழப்பீடும் நம்ம மீனவரோட உரிமையும் மாட்டிக்கிட்டு நிக்குது. எப்படின்னு சொல்றோம். கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுமையா படிங்க.

செல்போனில் பயிரைப் படம் எடுத்தால் என்ன நோய் என்று சொல்லும் ஆப் இன்று புதிது இல்லை. 2024 ஆகஸ்டில் ஒன்றிய அரசு தேசிய பூச்சிக் கண்காணிப்பு அமைப்பைத் தொடங்கியது. 60க்கும் மேற்பட்ட பயிர்கள், 400க்கும் மேற்பட்ட பூச்சிகள், படத்தை அனுப்பினால் ஏஐ அடையாளம் காட்டும் என்றார்கள். பயிர்க் காப்பீட்டுக்குள்ளும் செயற்கைக்கோள் படமும் செல்போன் படமும் நுழைந்துவிட்டன. உலகத்தின் பல கடல்களில் மீன்பிடிப் படகிலேயே கேமரா வைத்து, பிடித்த மீன் எது என்று கணினியே எண்ணிக்கொண்டிருக்கிறது.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். டெக்னாலஜி வேண்டாம்னு நாங்க சொல்லல. வேணும், நிச்சயமா வேணும். ஆனால் நம்ம வயலையும் நம்ம கடலையும் பார்த்துப் படிக்காத ஒரு கணினி, நம்ம மக்களுக்கு யோசனை சொல்லலாமே தவிர தீர்ப்பு சொல்லக் கூடாது. இதுதான் இந்தப் பதிவு.

*கணினி எப்படிப் 'பார்க்குது'?*

இதுக்குப் பெயர் நியூரல் நெட்வொர்க். தமிழில் நரம்பு வலைப்பின்னல் என்கிறார்கள். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம்.

ஒரு இலையின் படத்தைக் கணினியிடம் கொடுக்கிறோம். அதற்கு இலை தெரியாது, எண்கள்தான் தெரியும். 224க்கு 224 புள்ளிகள் உள்ள ஒரு சின்ன வண்ணப் படம் என்றால், ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண். மொத்தம் 1,50,528 எண்கள். இந்த எண்களைக் கணினி அடுக்கடுக்காகச் சலிக்கிறது. முதல் அடுக்கு விளிம்புகளைப் பிடிக்கும். அடுத்தடுத்த அடுக்குகள் புள்ளி, கோடு, திட்டு என்று பிடிக்கும். கடைசி அடுக்கு, 'இது குலை நோய்' என்று ஒரு பெயரைச் சொல்லும்.

தப்பாகச் சொன்னால், எவ்வளவு தப்பு என்று கணக்குப் போட்டு, பின்னாலிருந்து முன்னால் வரை எல்லா அடுக்கிலும் எண்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்துவார்கள். இப்படி ஆயிரக்கணக்கான படங்கள், லட்சக்கணக்கான திருத்தங்கள். 2012-ல் அலெக்ஸ்நெட் என்ற மாடல், சுமார் 12 லட்சம் படங்களில் பயிற்சி எடுத்து ஆயிரம் வகைப் பொருட்களைப் பிரித்துக் காட்டியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அதற்கு அப்புறம்தான் இலை, பூச்சி, மீன், பவளப்பாறை என்று எல்லாவற்றுக்கும் இதையே பயன்படுத்த ஆரம்பித்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. கணினிக்குச் சொந்தமாக எந்த அறிவும் கிடையாது. எந்தப் படத்தைக் காட்டினோம், அதற்கு என்ன பெயர் சொல்லிக் கொடுத்தோம், அவ்வளவுதான் அதன் உலகம். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

*99.35 எங்கே போச்சு?*

2016-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தையும் சுவிட்சர்லாந்தின் ஈபிஎஃப்எல் நிறுவனத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒரு ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். 'பிளான்ட்வில்லேஜ்' என்ற படத் தொகுப்பு. 54,306 இலைப் படங்கள், 14 பயிர்கள், 26 நோய்கள். அதில் பயிற்சி எடுத்த மாடல், அதே தொகுப்பில் ஒதுக்கி வைத்திருந்த படங்களை 99.35 சதவீதம் சரியாகச் சொன்னது.

கேட்கவே பிரமாதமா இருக்குல்ல? ஆனால் அதே கட்டுரையில் அதே ஆய்வாளர்கள் நேர்மையாக இன்னொன்றையும் எழுதியிருந்தார்கள். வேறு சூழலில், வேறு இடத்தில் எடுத்த படங்களைக் கொடுத்தபோது, அந்த மாடலின் துல்லியம் 31 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே வந்து விழுந்தது.

ஏன் இப்படி? அந்தப் படங்கள் பெரும்பாலும் எப்படி எடுக்கப்பட்டவை தெரியுமா? இலையைப் பறித்து, ஒரு காகிதத்தின் மேல் வைத்து, ஒரு படத்துக்கு ஒரு இலை என்று எடுத்தவை. நம்ம வயல் அப்படியா இருக்கு? ஒரு இலைக்கு மேல் இன்னொரு இலை, சேற்றுத் தண்ணீர், உச்சி வெயில், பனித்துளி, பக்கத்தில் களை, படம் எடுப்பவரின் நிழல், நாலு வருஷம் பழசான போனின் கீறல் விழுந்த கேமரா.

இன்னொரு வேடிக்கையும் இருக்கு. 2022-ல் இதே தொகுப்பை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். இலையையே காட்டாமல், படத்தின் பின்னணியிலிருந்து வெறும் 8 புள்ளிகளை மட்டும் எடுத்து ஒரு மாடலுக்குக் கொடுத்தார்கள். 256க்கு 256 படம் என்றால் மொத்தம் 65,536 புள்ளிகள். அதில் எட்டே எட்டு. குருட்டாம்போக்கில் சொன்னால் 2.6 சதவீதம்தான் சரியாக வரும். ஆனால் இந்த மாடல் 49 சதவீதம் சரியாகச் சொன்னது! அதாவது, கணினி நோயைப் படிக்காமலே பாஸாக வழி இருந்தது. ஒவ்வொரு நோய்க்கும் படம் எடுத்த அன்று இருந்த வெளிச்சத்தையும் காகிதத்தின் நிறத்தையும் பிடித்துக்கொண்டாலே பாதிக் கிணறு தாண்டிவிடலாம். கேள்வித்தாளைப் படிக்காமல், பேப்பர் கலரைப் பார்த்தே விடை எழுதின மாதிரி.

இன்னும் முக்கியமானது, அந்த 14 பயிர்கள் எவை? ஆப்பிள், ப்ளூபெர்ரி, செர்ரி, திராட்சை, ஆரஞ்சு, பீச், ராஸ்பெர்ரி, ஸ்ட்ராபெர்ரி, குடைமிளகாய், உருளைக்கிழங்கு, தக்காளி, சோளம் வகையில் மக்காச்சோளம், சோயா, பூசணி வகை ஒன்று. இதில் நெல் இல்லை. கரும்பு இல்லை. வாழை இல்லை. தென்னை இல்லை. நிலக்கடலை இல்லை. தஞ்சாவூர்க்காரருக்கும் பொள்ளாச்சிக்காரருக்கும் இதில் என்ன இருக்கு?

இன்ஜினியரிங் படித்தவர்களுக்குத் தெரியும். ஃபைனல் இயர் புராஜெக்ட் என்றால் இந்தத் தொகுப்பை டவுன்லோடு செய்து '99 சதவீதம்' என்று ஸ்லைடு போடாத பேட்ச் கிடையாது. புராஜெக்ட்டுக்கு அது போதும். அரசாங்கத் திட்டத்துக்குப் போதாது. அடுத்த தடவை யாராவது மேடையில் '99 சதவீதத் துல்லியம்' என்றால், ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "எந்த வயலில் சோதிச்சீங்க?"

*ஒரு சின்னக் கணக்கு*

சரி, நம்ம வயலிலேயே சோதித்து 95 சதவீதம் என்று வந்துவிட்டது. போதுமா?

100 வயலில் 5 வயலுக்குக் குலை நோய் என்று வைத்துக்கொள்வோம். எதையுமே பார்க்காமல், எல்லா வயலுக்கும் 'நோய் இல்லை' என்று சொல்லும் ஒரு ஆப்பை எழுதினால் அதன் துல்லியம் என்ன? 95 சதவீதம்! ஆனால் நோய் வந்த 5 பேரில் ஒருத்தரைக்கூட அது காப்பாற்றவில்லை. அதனால்தான் சொல்றோம், மொத்தத் துல்லியம் என்ற ஒற்றை எண்ணை நம்பாதீங்க. நோய் உண்மையிலேயே வந்த வயல்களில் எத்தனையைப் பிடித்தது, இல்லாத நோயை எத்தனை முறை இருக்கு என்று சொல்லிப் பயமுறுத்தியது, இந்த ரெண்டும் நோய் வாரியாக வெளியே வரவேண்டும்.

தப்பாகச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு நெல்லிலேயே உதாரணம் இருக்கிறது. குலை நோயின் புள்ளி கண் வடிவத்தில், நடுவில் சாம்பல் நிறத்தில் இருக்கும். செம்புள்ளி நோயின் புள்ளி ஓவலாகப் பழுப்பாக இருக்கும். ஆரம்பத்தில் ரெண்டும் சின்னப் புள்ளிதான், படத்தில் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் வைத்தியம் எதிரெதிர் திசை. சத்துக் குறைந்த மண்ணில்தான் செம்புள்ளி அதிகம் வரும், அதனால் உரத்தைச் சரியாகக் கொடுக்கச் சொல்வார்கள். குலை நோய்க்கோ தழைச்சத்து அதிகமானால் கொண்டாட்டம், அதனால் யூரியாவை நிறுத்தச் சொல்வார்கள். குலை நோயைப் பார்த்து ஆப் 'செம்புள்ளி, சத்துக் குறைவு' என்று சொன்னால், விவசாயி கைக்காசைப் போட்டு நோய்க்கே உரம் வைத்த மாதிரி ஆகிவிடும்.

*பாடத்திலேயே இல்லாத பூச்சி வந்தால்?*

2016-ல் பொள்ளாச்சித் தென்னையில் ஒரு புது வெள்ளை ஈ வந்தது. ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ. இந்தியாவில் அதுவரை பார்க்காத பூச்சி. 2018-ல் கர்நாடகாவில் முதலில் தெரிந்த அமெரிக்கப் படைப்புழு, அதே வருடம் நம்ம மக்காச்சோளக் காடுகளுக்குள்ளும் வந்து சூறையாடியது. அன்றைக்கு எந்த ஆப்பின் பயிற்சிப் பட்டியலிலும் அவை இருந்திருக்க வாய்ப்பே இல்லை.

அப்போது கணினி என்ன செய்யும்? 'தெரியாது' என்று சொல்லாது. வழக்கமான மாடல்கள், தன்னிடம் இருக்கும் பெயர்ப் பட்டியலுக்குள் 100 மதிப்பெண்ணைப் பங்குபோட்டு, எதற்கு அதிகமோ அதைச் சொல்லும். மாட்டைப் படம் எடுத்துக் கொடுத்தாலும் ஏதோ ஒரு இலை நோயின் பெயரைத்தான் சொல்லும். ஆனால் ஒரு அனுபவசாலி விவசாயி என்ன சொல்வார்? "இது வேற மாதிரி இருக்கே, இதுவரைக்கும் பார்த்ததில்லையே" என்பார். அந்த 'பார்த்ததில்லையே'தான் ஒரு ஊரையே காப்பாற்றும் எச்சரிக்கை. அதைச் சொல்லத் தெரியாத கணினி, புதுப் பூச்சிக்குப் பழைய மருந்தை எழுதிக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

*கடலுக்கு வருவோம்*

2016-ல் தி நேச்சர் கன்சர்வன்சி என்ற அமைப்பு, பசிபிக் கடலில் சூரை பிடிக்கும் படகுகளின் கேமராப் படங்களை வைத்து உலக அளவில் ஒரு போட்டி நடத்தியது. பரிசு ஒன்றரை லட்சம் டாலர். படத்தில் இருப்பது எந்த வகைச் சூரை, சுறாவா, வேறு மீனா, மீனே இல்லையா என்று கணினி சொல்ல வேண்டும். அதில் கலந்துகொண்டவர்கள் சந்தித்த பெரிய தலைவலி என்ன தெரியுமா? பயிற்சிப் படங்கள் குறிப்பிட்ட சில படகுகளில் எடுத்தவை. அதனால் கணினி மீனைப் படிப்பதற்குப் பதில் படகைப் படித்துக்கொள்ளும். இந்த டெக் வந்தால் இந்த மீன் என்று மனப்பாடம். பார்க்காத படகின் படம் வந்ததும் திணறல். இலைக்குக் காகிதம் என்றால் மீனுக்குப் படகு. கதை ஒன்றுதான்.

நம்ம கடலில் இதற்கு மேல் ஒரு சிக்கலும் உண்டு. பெயர்! சென்னையில் 'வஞ்சிரம்' என்று வாங்கும் மீனைத் தூத்துக்குடியில் 'சீலா' என்பார்கள். அதே 'ஷீலா'வைச் சென்னைக் காசிமேட்டில் கேட்டால் வேறு மீனைத் தூக்கிக் காட்டுவார்கள். சென்னையின் கானாங்கெளுத்திதான் குமரிக்காரரின் அயிலை. கடலூரின் மத்திதான் தெற்கே சாளை. ஏதோ ஒரு ஊரில் ஏசி ரூமில் உட்கார்ந்து, படம் ஒன்றுக்கு இத்தனை பைசா என்று பெயர் ஒட்டும் ஒருவருக்கு இது எப்படித் தெரியும்? பெயர் தப்பாக ஒட்டினால், கணினி அந்தத் தப்பைத்தான் ஒழுங்காகப் படிக்கும்.

தண்ணீருக்கு அடியில் இன்னும் கஷ்டம். ஆழம் போகப் போகச் சிவப்பு நிறம்தான் முதலில் காணாமல் போகும். கலங்கிய தண்ணீரில் எல்லாமே பச்சையும் நீலமும்தான். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள், 1986-லிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. பாக் நீரிணைப் பகுதியில் 448 சதுர கிலோமீட்டருக்கு 2022-ல் கடல் பசுப் பாதுகாப்பகம் அறிவித்தார்கள். இங்கே பவளப்பாறை வெளுக்கிறதா, கடல் பசு எத்தனை இருக்கிறது என்று டிரோன் படத்தையும் நீருக்கடிப் படத்தையும் வைத்துக் கணினி பார்த்துச் சொன்னால் பெரிய உதவி. மனிதர் பல மாதம் உட்கார்ந்து பார்க்க வேண்டிய படங்களைக் கணினி சீக்கிரம் சலித்துக் கொடுத்துவிடும். அதை நாங்கள் முழுமனதோடு வரவேற்கிறோம்.

ஆனால் அதே கணக்கை வைத்து 'இந்தப் பகுதிக்குள் வராதே' என்று பாரம்பரிய மீனவரிடம் சொல்லும் நாள் வந்தால், அந்தக் கணக்கு எப்படி வந்தது என்று கேட்கும் உரிமை அவருக்கு வேண்டும். மீனைப் பார்க்க வந்த கேமரா, மீனவரை வேவு பார்க்கும் கேமராவாக மாறக் கூடாது.

*காப்பீட்டில் ஒரு படம் எவ்வளவு ரூபாய்?*

இதுவரை சொன்னது யோசனை சொல்லும் ஆப் பற்றி. இனி பணம்.

பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் 'யெஸ்-டெக்' என்ற முறை 2023 காரீப் பருவத்திலிருந்து வந்திருக்கிறது. செயற்கைக்கோள் படம், வானிலைத் தரவு, இயந்திரக் கற்றல் உள்ளிட்ட முறைகளால் மகசூலை மதிப்பிடுவது. இந்த மதிப்பீட்டுக்குக் குறைந்தது 30 சதவீத மதிப்பு கொடுக்க வேண்டும். செயல்படுத்தும் 9 மாநிலங்களில் தமிழ்நாடும் உண்டு. மத்தியப் பிரதேசம் 100 சதவீதமே டெக்னாலஜி மதிப்பீட்டுக்குப் போய்விட்டது. கூடவே 'கிராபிக்' என்று இன்னொரு திட்டம். பருவத்தில் நாலைந்து முறை செல்போனில் பயிரைப் படம் எடுத்து, ஏஐ மூலம் பயிரின் நிலையையும் சேதத்தையும் கண்டுபிடிப்பது.

கணக்கு எப்படி மாறும்? ஒரு கற்பனை உதாரணம் பாருங்க. ஒரு கிராமத்தின் உத்தரவாத மகசூல் ஏக்கருக்கு 2,000 கிலோ. காப்பீட்டுத் தொகை 36,000 ரூபாய். பிரீமியம் 1.5 சதவீதம், அதாவது 540 ரூபாய். வெள்ளம் வந்து, அறுவடைப் பரிசோதனையில் கிடைத்தது 1,400 கிலோ. இழப்பு 600 கிலோ, 30 சதவீதம். இழப்பீடு 10,800 ரூபாய்.

இப்போது கணினி அதே கிராமத்தின் படத்தைப் பார்த்து, 'பச்சையாத்தான் இருக்கு, 2,200 கிலோ' என்று தப்பாகச் சொன்னால்? 1,400-க்கு 70 சதவீதம், 2,200-க்கு 30 சதவீதம் போட்டால் 1,640 கிலோ. இழப்பு 18 சதவீதம் ஆகிவிடும். இழப்பீடு 6,480 ரூபாய். ஏக்கருக்கு 4,320 ரூபாய் காணாமல் போய்விட்டது. யார் எடுத்தது? யாரும் எடுக்கல. 'சிஸ்டம்' எடுத்துருச்சு! கேட்க ஆள் இல்லை, பதில் சொல்ல அலுவலகம் இல்லை.

இயந்திரம் குறைத்துச் சொன்னால் விவசாயிக்கு லாபம்தானே என்று கேட்கலாம். சரிதான். ஆனால் அப்போது காப்பீட்டு நிறுவனம் சும்மா இருக்குமா? அவர்களிடம் நிபுணர் இருக்கிறார், வக்கீல் இருக்கிறார். நம்மாளிடம் என்ன இருக்கு? அடங்கல் நகலும் வங்கிப் பாஸ்புக்கும்.

அறுவடைப் பரிசோதனை மட்டும் யோக்கியமா என்றும் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதில் தாமதம் உண்டு, ஒரு கிராமத்தில் சில இடங்களை மட்டும் அறுத்துப் பார்த்து ஊர் முழுக்கக் கணக்குப் போடும் குறையும் உண்டு. அதனால்தான் டெக்னாலஜியே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அங்கே ஒரு வித்தியாசம். வயலில் அறுத்து எடை போடும்போது விவசாயி பக்கத்தில் நின்று பார்க்கலாம், தராசைச் சரிபார்க்கலாம், சண்டை போடலாம். கணினிக்குள் நடக்கும் எடையை அவர் எங்கே நின்று பார்ப்பது?

நம்ம பருவத்தையும் யோசிங்க. சம்பாப் பயிர் வளரும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வானம் முழுக்க மேகம். சாதாரண செயற்கைக்கோள் கேமராவுக்கு மேகத்தின் முதுகுதான் தெரியும். மேகத்தை ஊடுருவும் ரேடார் படங்களை நெல்லுக்குப் பயன்படுத்துவதில் நம்ம கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்கே பல வருட அனுபவம் இருக்கு. அந்த அனுபவம் இந்த மண்ணிலிருந்து வந்தது. அதைத்தான் கேட்கிறோம்.

*முடியுமா? முடியும். செய்தும் காட்டியிருக்காங்க.*

நம்ம திருநெல்வேலிப் பகுதி நெல் வயல்களில் இறங்கி, 'பேடி டாக்டர்' என்று ஒரு படத் தொகுப்பை உருவாக்கியிருக்கிறார்கள். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இடம்பெற்ற குழு அது. 16,225 படங்கள், 12 பாதிப்புகளும் ஆரோக்கியமான பயிரும் சேர்த்து 13 வகை. காகிதத்தின் மேல் வைத்த இலை இல்லை, நிஜ வயல். அதில் பத்து வகைகளின் 10,407 படங்களைப் பொதுவில் வைத்து, உலகத்தில் யார் வேண்டுமானாலும் மாடல் செய்து பாருங்கள் என்று போட்டியும் நடத்தினார்கள். ஒரு பல்கலைக்கழகக் குழுவால் இவ்வளவு முடிந்தால், ஒரு மாநில அரசு இறங்கினால் எவ்வளவு முடியும்?

கிழக்கு ஆப்பிரிக்காவையும் பாருங்க. அங்கே ஏழைகளின் சாப்பாடு மரவள்ளி. ஆய்வாளர்கள் டான்சானியா வயல்களில் மரவள்ளிப் படங்களை எடுத்து, மரவள்ளி நோய் நிபுணர்களை வைத்தே பெயர் ஒட்டினார்கள். அதிலிருந்து வளர்ந்த 'நூரு' என்ற ஆப், இன்டர்நெட் இல்லாமல் போனிலேயே வேலை செய்யும், சுவாஹிலி மொழியிலேயே பேசும். அவர்களும் சோதனையில் ஒரு குறையைக் கண்டார்கள். நோய் முற்றிய இலையைச் சரியாகச் சொல்லும் மாடல், நோய் லேசாக இருக்கும்போது தடுமாறியது. அதை மறைக்காமல் வெளியிட்டார்கள். அப்படி வெளியிட்டால்தான் அடுத்தவர் திருத்த முடியும். சேலம், நாமக்கல்லிலும் அதே மரவள்ளி, அதே போலத் தேமல் நோய். சுவாஹிலியில் முடிந்தது தமிழில் முடியாதா?

ஆள்பலமும் நம்மிடம் இருக்கு. கோவையில் வேளாண் பல்கலைக்கழகம், நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம். 1947-ல் தொடங்கி இன்று கொச்சியிலிருந்து இயங்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆட்கள், இறங்குதளங்களில் நின்று மீன் வகைகளைக் கணக்கெடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். அதைவிட, காலையில் ஏலம் கூறும் அக்காவுக்கு மீனைத் தொடாமலே வகை தெரியும். அவரைவிடச் சிறந்த பெயர் ஒட்டும் நிபுணர் யார்?

ஆனால் ஒன்று. வேலை வாங்கினால் கூலி கொடுக்கணும். 2024 நவம்பரில் டிஜிட்டல் பயிர் சர்வேக்கு வேளாண் கல்லூரி மாணவர்களை வயலுக்கு அனுப்பியபோது எழுந்த எதிர்ப்பு எல்லாருக்கும் நினைவிருக்கும். படம் எடுப்பதும் பெயர் சொல்வதும் உழைப்பு. அது இலவச சேவை இல்லை.

*நாங்கள் கேட்பது இவைதான்*

1. தமிழ்நாட்டுக்கென ஒரு பொதுப் படக் களஞ்சியம். நெல், தென்னை, வாழை, கரும்பு, நிலக்கடலை, மரவள்ளியிலிருந்து நம்ம கடல் மீன், பவளப்பாறை வரை. மாவட்டம் வாரியாக, பருவம் வாரியாக. மீனுக்கு அறிவியல் பெயரோடு ஊர்ப் பெயரும். படம் தரும் விவசாயிக்கும் மீனவருக்கும் ஊதியம்.

2. அரசுத் திட்டத்தில் எந்த மாடலைக் கொண்டுவந்தாலும், முதலில் நம்ம வயலில் வெளிப்படையான சோதனை. எந்த மாவட்டம், எந்தப் பருவம், ஒவ்வொரு நோயிலும் எத்தனை பிடித்தது, எத்தனை விட்டது என்ற முழுக் கணக்கும் தமிழில் வெளியிட வேண்டும்.

3. 'தெரியவில்லை' என்ற பதில் கட்டாயம் இருக்க வேண்டும். கணினிக்குச் சந்தேகம் வந்தால், அந்தப் படம் நேராக வட்டார வேளாண் அலுவலருக்குப் போக வேண்டும். அதற்குக் காலிப் பணியிடங்களை நிரப்ப வேண்டும். ஆப் வந்துவிட்டது, அலுவலர் எதற்கு என்ற பேச்சே கூடாது.

4. கணினியின் மதிப்பீட்டால் இழப்பீடு குறைந்தால், எந்தப் படம், எந்தத் தேதி, என்ன மதிப்பீடு என்று விவசாயிக்குத் தமிழில் காட்ட வேண்டும். மேல்முறையீடு செய்தால் குறித்த நாளுக்குள் நேரடி வயல் ஆய்வு. வயலும் படமும் முரண்பட்டால் வயல்தான் சாட்சி.

5. உழவன் செயலி போல ஏற்கெனவே மக்கள் கையில் இருக்கும் ஆப்பிலேயே, இன்டர்நெட் இல்லாமலும், விலை குறைந்த போனிலும், தமிழில் பேசி வேலை செய்ய வேண்டும்.

6. விவசாயி அனுப்பும் படமும் சர்வே எண்ணும் போன் நம்பரும் அவருடைய சொத்து. அவர் சம்மதம் இல்லாமல் பூச்சிமருந்துக் கம்பெனிக்கோ கடன் கொடுக்கும் கம்பெனிக்கோ போகக் கூடாது. படகில் கேமரா வைப்பதற்கு முன்னால் மீனவர் சங்கங்களின் ஒப்புதல் வேண்டும்.

*நீங்க என்ன செய்யலாம்?*

மாதம் ஒருமுறை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கும் மீனவர் குறைதீர்க்கும் கூட்டத்துக்கும் போறவங்க, அடுத்த முறை இந்தக் கேள்வியை மனுவாகக் கொடுங்க: "எங்கள் ஊர் மகசூலைக் கணக்கிட்ட முறை எங்கள் மாவட்டத்தில் சோதிக்கப்பட்டதா? முடிவு எங்கே?" கிராம சபையில் தீர்மானமாகவும் கொண்டுவரலாம். பக்கத்து வீட்டு விவசாயிக்கு போனில் படிக்கக் கஷ்டம் என்றால் நீங்களே படித்துக் காட்டுங்க. வயல் பாதிக்கப்பட்டால் தேதி தெரியும்படி நீங்களும் படம் எடுத்து வச்சுக்கோங்க. தனி வயல் பாதிப்பு என்றால் 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லணும் என்பதையும் மறந்துடாதீங்க.

தகவல் தொழில்நுட்பம் படித்த தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த புராஜெக்ட்டுக்கு எங்கோ எடுத்த ஆப்பிள் இலையை டவுன்லோடு பண்ணாதீங்க. உங்க ஊர் வயலுக்கு, உங்க ஊர் இறங்குதளத்துக்குப் போங்க. துல்லியம் 70 சதவீதம்தான் வரும், பரவாயில்லை. அந்த 70, நம்ம மண்ணோட 70.

கணினி படிக்கட்டும். நம்ம வயலுக்கு வந்து, நம்ம கடலுக்கு வந்து, நம்ம மக்களிடம் கேட்டுப் படிக்கட்டும். படித்து முடித்தபிறகு யோசனை சொல்லட்டும். தீர்ப்பு மட்டும் மனிதர் கையிலேயே இருக்கட்டும்.

சரின்னு பட்டா பகிருங்க. மாற்றுக் கருத்து இருந்தாலும் சொல்லுங்க, பேசுவோம்.

தகவல் தொழில்நுட்ப அணித் தன்னார்வலர்

#வயல்தான்_சாட்சி #நம்_படம்_நம்_உரிமை #விவசாயி #மீனவர்